ஏலமலைத் தோட்டங்களில் தாய்சேய் நலக் கண்காணிப்பு

அறக்கட்டளைகள், தொண்டு நிறுவனங்கள், தோட்டச் சங்கங்கள் முதலியவை லாப நோக்கமின்றி நடத்தும் மருத்துவமனைகளில் கர்ப்பகாலக் கவனிப்பு, பிரசவம், குடும்பநலச் சேவைகள் எப்படி நடக்கின்றன என்று தொடர்ந்து பார்த்துவருவதே இங்கே பேசப்படும் தாய்சேய் நலக் கண்காணிப்பு. பதிவேடு, நேரடி ஆய்வு, மரணத் தணிக்கை ஆகிய மூன்றும் அதன் கருவிகள். தேனிக்கும் இடுக்கிக்கும் நடுவில், கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை மலையேறும் போடிமெட்டுப் பகுதியில் இந்த வேலை சமவெளியைவிடக் கடினம்.

போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் வட்டாரத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் அந்தியில் திரும்புகிறார்கள். தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள் செவ்வாய்க்கிழமை. அன்று அங்கே போனால் ஒரு நாள் கூலி போய்விடும். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்தாலோ கதவில் பூட்டுத் தொங்கும். வேலை கேரளத்தில், கர்ப்பப் பதிவு தமிழகத்தின் ‘பிக்மி’ கணினித் தளத்தில். இப்படிப்பட்ட பெண் பரிசோதனைக்கு வராவிட்டால், ‘வரவில்லை’ என்ற குறிப்பு அவளைப் பற்றி எதையுமே சொல்வதில்லை.

தோட்டங்களில் பெண்களின் பிள்ளைப்பேற்றைக் கணக்கு வைக்கும் பழக்கம் பழையது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான ‘உபாசி’, 1971-இல் நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் மூன்றில் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைப்பேற்று வயதில் உள்ள பெண் தொழிலாளி ஒவ்வொருவர் பேரிலும் மாதம் 5 ரூபாய் சேமிப்பில் போடப்படும். பிள்ளைகள் கூடினால் அந்தத் தொகையில் கழிவு விழும். மிச்சம் ஓய்வுபெறும்போது கைக்கு வரும். உலகம் முழுக்க மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதைக் கவனித்தார்கள். ஆனால் வறுமையில் இருப்பவரின் கருப்பையைச் சேமிப்புக் கணக்கோடு முடிச்சுப் போடுவதை விருப்பத் தேர்வு என்று சொல்வது கடினம். அதே சங்கத்தின் தொழிலாளர் நலத்திட்டம் உருவாக்கிய இன்னொரு ஏற்பாடு இதைவிட மேலானது. லயன் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளி ஒருவரையே ‘லிங்க் வொர்க்கர்’ (இணைப்புப் பணியாளர்) ஆக்கி, ஏறத்தாழ இருபது குடும்பங்களை அவர் பொறுப்பில் விட்டார்கள். யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்பது மருத்துவருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். 2005-க்குப் பிறகு நாடெங்கும் வந்த ‘ஆஷா’ என்னும் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு முன்னோடிகள் என்று இவர்களைத் தாராளமாகச் சொல்லலாம்.

மலைக்குக் கீழே, திண்டுக்கல் அருகே, டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1947-இல் தொடங்கிய காந்திகிராமமும் இதே துறையில் உழைத்தது. 1959-இல் ஆத்தூர் ஒன்றியத்தில் தொடங்கிய அதன் சுகாதாரத் திட்டம், ஊழியர்களின் பயிற்சியையும் பதிவேடுகளையும் ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கண்காணிப்பு எங்கே போய் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் ஏறத்தாழ 63,000 ஆண்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அந்த எண்ணே சாதனையாகப் பேசப்பட்டது. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிக்கூடத்தில் வைத்து ஒரே இரவில், இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை செய்தது. டார்ச் வெளிச்சத்தில், ஒரே அறுவை மருத்துவர்! இலக்குப் பட்டியலில் அதுவும் வெற்றிதான். தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த வழிசெய்யும்படி உத்தரவிட்டது.

கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் நடத்தும் இரகசியத் தாய் மரண ஆய்வு வேறு வகையானது. இறந்தவர், மருத்துவர், மருத்துவமனை எல்லாவற்றின் பெயரையும் நீக்கிவிட்டுத்தான் கோப்புகளைப் படிக்கிறார்கள். தண்டனை பயம் இல்லாததால் தவறு நடந்த இடம் வெளியே வருகிறது. இரத்தப்போக்கும் இரத்தக்கொதிப்பும் பெரும் காரணங்கள் என்று தெரிந்து, அவற்றைக் கையாளும் நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. தமிழகத்திலும் தாய் மரணங்கள் ஒவ்வொன்றாக விசாரிக்கப்படுகின்றன. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் மரணம் கேரளத்தில் 19, தமிழகத்தில் 54, இந்தியாவில் 97.

ஒரு சிறு மருத்துவமனையின் பதிவேட்டில் பார்க்க வேண்டியவை சிலவே. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்தவர்கள் எத்தனை பேர். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மறுபரிசோதனை நடந்ததா. பிரசவமான முதல் 48 மணி நேரத்தில் தாயைப் பார்த்தது யார். மூன்று மாத ‘அந்தரா’ கருத்தடை ஊசிக்கு இரண்டாம் முறை வராதவர் ஏன் வரவில்லை. பொருத்திய காப்பர்-டி கருத்தடைச் சாதனம் இனி வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு அதை உடனே எடுத்துவிட்டார்களா என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. விருப்பத்தை அளக்க அதைவிட நேரான கேள்வி வேறில்லை.

இந்த மலைப்பகுதியில் மருத்துவமனை நடத்துவோரும் அதற்கு நன்கொடை தருவோரும் இரண்டு காரியங்களை உடனே செய்யலாம்: ஜீப் திரும்பும் மாலை நேரத்தில் பரிசோதனை வைப்பது, எல்லையின் இரு பக்கத்து மருத்துவர்களும் படித்துப் பார்க்கும்படி தாய்சேய் அட்டையை முழுமையாக நிரப்பி அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தனுப்புவது.