ஐந்தடியும் தடுப்பறையும்: சிங்கப்பூர்ச் சைனாடவுனின் அன்றாட வாழ்வும் மாற்றமும்

முன்னுரை

சிங்கப்பூரின் சௌத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் சைனாடவுனின் நடுவே அமைந்துள்ளது. கோயிலை ஒட்டிய 'பகோடா தெரு'வுக்கு அப்பெயர் வந்தது கோயிலின் கோபுரத்தாலேயே ஆகும். அதே சாலையில் 1826இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலும் உள்ளது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும், ஹொக்கியன் மக்கள் 1839 முதல் 1842 வரை எழுப்பிய தியான் ஹோக் கெங் ஆலயமும் ஒரே வரிசையில் உள்ளன. ஆகவே, இவ்வட்டாரத்தின் வரலாறு நமக்குப் புறம்பானதன்று. கட்டடங்கள் காக்கப்பட்ட இவ்விடத்தில் வாழ்க்கைமுறையும் காக்கப்பட்டதா என்னும் வினாவை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

தெருக்களும் பெயர்களும்

1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் ராஃபிள்ஸ், ஆற்றின் தென்மேற்குப் பகுதியைச் சீனருக்கென ஒதுக்கினார். ஹொக்கியன் மக்கள் தெலுக் ஆயர்ப் பகுதியிலும், கான்டனீஸ் மக்கள் கிரேத்தா ஆயர்ப் பகுதியிலும் மிகுதியாகக் குடியேறினர். 'கிரேத்தா ஆயர்' என்னும் மலாய்ப் பெயர் 'தண்ணீர் வண்டி' எனப் பொருள்படும். கிணற்று நீர் மாட்டுவண்டிகளில் கொண்டுவரப்பட்டதன் நினைவாக அமைந்த பெயர் இது. சீனப் பெயரும் இதே பொருளையே தருகிறது.

அரசு சூட்டிய பெயர்களுக்கு அப்பால், மக்கள் தம் வாழ்வைக் கொண்டு தெருக்களுக்குப் பெயரிட்டனர். நாடக அரங்கு இருந்தமையால் சுமித் தெரு கான்டனீஸ் மக்களுக்கு 'நாடகத் தெரு' ஆயிற்று. சாகோ சந்து 'செத்தோர் தெரு' ஆயிற்று. இப்பெயர்களே இவ்வட்டாரத்தின் முதல் வரலாற்று ஆவணங்கள் எனலாம்.

தடுப்பறை வாழ்வு

1960இல் வெளிவந்த பாரிங்டன் கேயின் 'அப்பர் நான்கின் தெரு' என்னும் ஆய்வு, சைனாடவுனின் ஒரு தெருவில் வாழ்ந்த குடும்பங்களை நேரில் கண்டு எழுதப்பட்டது. கடைவீட்டின் மேல்தளத்தைப் பலகைகளால் தடுத்துப் பல அறைகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டனர். நடுவில் அமைந்த அறைகளுக்குச் சன்னல் இருப்பதில்லை. சமையலறையும் கழிப்பிடமும் அனைவருக்கும் பொதுவாக இருந்தன.

அறை சிறிதாக இருந்தமையால் வாழ்க்கை வெளியே வந்தது. கடைவீடுகளின் முன்னுள்ள நடைவழியான ஐந்தடி, நம்மவர் பேச்சில் 'அஞ்சடி', தொழிற்கூடமாகவும் வரவேற்பறையாகவும் விளங்கியது. முடிதிருத்துவோர், செருப்புத் தைப்போர், குறி சொல்வோர் ஆகியோருடன் கடிதம் எழுதுவோரும் அங்கு அமர்ந்திருந்தனர். எழுத்தறியாத தொழிலாளி, ஊருக்கு அனுப்பும் பணத்துடன் செல்லவேண்டிய நான்கு வரிகளை அவரிடம் சொல்லி எழுதச் செய்தார். இத்தகைய கடிதங்களைச் சீனா திரட்டிப் பேணியதன் பயனாக, 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் அவை இடம்பெற்றன. மணியார்டருடன் அனுப்பப்பட்ட நம் முன்னோரின் கடிதங்களை நாம் இவ்வாறு திரட்டினோமா என்பது சிந்திக்கத்தக்கது.

1933ஆம் ஆண்டின் அயலவர் சட்டம் ஆண்களின் வருகைக்கு வரம்பு விதித்தது. தொடக்கத்தில் பெண்களுக்கு அவ்வரம்பு இல்லாமையால், சான்சுய் பகுதியைச் சேர்ந்த பெண்கள் பெருமளவில் வந்தனர். 'சம்சுய்' பெண்கள் என அறியப்பட்ட இவர்கள், சிவப்புத் தலைத்துணி அணிந்து கட்டுமானத் தளங்களில் மண் சுமந்தனர். இல்லங்களில் பணிபுரிந்த 'மாஜே' பெண்களுள் பலர் மணம் புரிவதில்லை என உறுதி பூண்டவர்கள். பலர் சேர்ந்து வாடகை செலுத்திய பொது அறையே அவர்களுக்குத் தாய்வீடாக அமைந்தது.

இறப்பும் தெருவைச் சார்ந்தே நிகழ்ந்தது. தடுப்பறையில் ஓர் உயிர் பிரிவதை அயலார் விரும்பவில்லை. ஆதரவற்ற முதியோர் இறுதி நாள்களைச் சாகோ சந்தின் சாவு வீடுகளில் கழித்தனர். 1961இல் அவ்வீடுகள் தடை செய்யப்பட்டன.

மாற்றத்தின் போக்கு

இவ்வாழ்வை இன்று இனிய நினைவாக மட்டும் காண்பது பிழையாகும். காச நோயும் நெரிசலும் அங்கு நிலவின. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைகளைக் காத்தது. ஆயினும், குறைந்த வாடகை பெற்ற உரிமையாளர்கள் கட்டடங்களைப் பழுது பார்க்கவில்லை. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்குப் பலர் விருப்பத்துடனேயே சென்றனர். குழாய் நீரும் தனிக் கழிப்பிடமும் அவர்களுக்குப் பெரும் விடுதலையாயின.

ஆனால், நெரிசல் நீங்கியபொழுது, அந்நெரிசலில் விளைந்த ஒத்துதவியும் உடன் நீங்கியது. தெருவோர வணிகர்கள் 1983இல் கிரேத்தா ஆயர் வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். குடிகளுள் பெரும்பாலோர் வெளியேறிய பின்னரே, 1989இல் சைனாடவுன் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1998இல் வெளியான சுற்றுலாத் திட்டம் இவ்வட்டாரத்தைக் காட்சிப் பொருளாக்கும் என்னும் கண்டனத்தைப் பெற்றது. 2001இல் வாடகைக் கட்டுப்பாடு முற்றாக நீக்கப்பட்டது. 2002இல் பகோடா தெருவில் திறக்கப்பட்ட மரபுடைமை நிலையத்தில் தடுப்பறைகள் மீண்டும் அமைக்கப்பட்டன. மக்கள் தப்பிச் செல்ல விரும்பிய அறை, ஒரு தலைமுறைக்குப் பின் கட்டணம் செலுத்திக் காணும் பொருளாயிற்று.

மொழியின் மாற்றமும் இதனுடன் இணைத்து நோக்கத்தக்கது. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது. கிளைமொழிகள் வீட்டிலிருந்து மெல்ல விலகின. அதே 1979இல்தான் முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்ய வாய்மொழி வரலாற்றுப் பிரிவும் அமைக்கப்பட்டது. பேச்சு வழக்கிலிருந்து விலகிய மொழிகள் ஒலிப்பதிவில் இடம்பெற்றன. இன்று பேரப்பிள்ளைகள் பலருக்கு அப்பதிவுகள் மொழிபெயர்ப்பின் துணையோடுதான் விளங்கும்.

முடிவுரை

சைனாடவுனில் சுவர்கள் காக்கப்பட்டன. அச்சுவர்களுக்குள் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் தாங்கிய முறை காக்கப்படவில்லை. இதில் எவரையும் குறைகூற நாம் முற்படவில்லை. நல்ல வீடும் பழைய உறவும் ஒருங்கே கிட்டுவது அரிது. எனினும், எதைக் கைவிட்டோம் என்பதைக் கைவிடும் காலத்திலேயே குறித்து வைப்பது இயலக்கூடியதே. பகோடா தெருவின் பெயர்க் காரணத்தை நம் மாணவர் அறிவர் எனக் கொள்வதற்கில்லை. அதனை வகுப்பறையில் சொல்வதும், தம் இல்லத்து முதியோரின் சொற்களை அவர்கள் பேசும் மொழியிலேயே பதிவு செய்ய மாணவரைப் பழக்குவதும் தமிழாசிரியராகிய நம் கடமை ஆகும்.