அலைவரிசையைப் பங்குபோட்ட கதை

ஒருவர் தொலைக்காட்சியில் படம் பார்க்கிறார், இன்னொருவர் வீடியோவில் அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறார், மூன்றாமவரின் கைப்பேசி நேற்று எடுத்த படங்களை யாரும் கேட்காமலேயே இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது நெட் இழுக்கத் தொடங்கினால், இன்னும் பெரிய திட்டத்துக்கு மாற வேண்டும் என்பதுதான் வீட்டில் முதலில் எழும் யோசனை. பெரும்பாலும் அது வீண் செலவு. பலர் ஒரே வழியைப் பங்குபோடும்போது யார் எப்போது பேசுவது, காத்திருப்பவர்களை எங்கே நிறுத்துவது என்ற இரண்டு கேள்விகள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி வலையமைப்பைத் துரத்திவருகின்றன. வேகத்தைக் கூட்டியதால் இவை தீர்ந்ததாக வரலாற்றில் சான்று இல்லை. தீர்ந்த அளவுக்கு, முறையை மாற்றியே தீர்ந்தன.

முதல் கேள்வி ஹவாயில் எழுந்தது. அலைச்சறுக்கு ஆசையால் அங்கே குடியேறிய நார்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியர், தீவுகளில் சிதறிக்கிடந்த பல்கலைக்கழக வளாகங்களை ஒரு மையக் கணினியோடு வானொலி அலையில் இணைக்க முயன்றார். 1971-இல் இயங்கத் தொடங்கிய அலோஹாநெட் என்ற அவரது வலையமைப்பில் எல்லாரும் ஒரே அலைவரிசையில், தோன்றியபோது அனுப்பலாம். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். எளிமையில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இந்த முறையில் அலைவரிசையில் அதிகபட்சம் 18 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் பயன்படும் என்று தெரிந்தது. மிச்சம் மோதலிலும் வெறுமையிலும் போய்விடும். குறித்த நொடிப்பகுதியின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று 1972-இல் லாரி ராபர்ட்ஸ் ஒரு விதி சேர்த்தார். பயன் ஏறக்குறைய 37 சதவீதமாக இரட்டித்தது. ஒலிபரப்பியின் வேகம் ஒரு துளியும் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ராபர்ட் மெட்காஃப் இதே யோசனையை 1973-இல் கம்பிக்குள் கொண்டுவந்து ஈத்தர்நெட் ஆக்கினார். அங்கே பேசிக்கொண்டே மோதலைக் கவனிக்க முடியும். காற்றில் அது நடக்காது; தன் ஒலிபரப்பின் இரைச்சலில் மற்றவர் குரல் அமுங்கிவிடும். அதனால் முதலில் கேள், அமைதியாக இருந்தால் சிறிது பொறுத்துப் பேசு என்பதே வைஃபையின் விதியாயிற்று. கேட்பதிலும் ஓட்டை உண்டு. வீட்டின் இரு கோடியில் உள்ள கருவிகள் நடுவில் இருக்கும் ரூட்டரோடு பேச முடியும், ஒன்றையொன்று கேட்க முடியாது. ஆகவே ஒரே நேரத்தில் பேசி மோதும். இந்த மறைந்த நிலையச் சிக்கலை டொபாகியும் கிளைன்ராக்கும் 1975-இலேயே விளக்கிவிட்டார்கள். வைஃபைக்கு அலைவரிசை கிடைத்த விதமும் கவனிக்கத்தக்கது. மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 1985-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் உரிமம் இல்லாத் தகவல் தொடர்புக்கும் திறந்துவிட்டது. ஒன்றோடொன்று மேலேறாத சானல்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. ஒரு அடுக்ககத்தில் இருபது ரூட்டர்கள் இந்த மூன்றுக்குள்தான் இடம் தேடுகின்றன.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2003-இல் பிரான்சின் கிரனோபிள் ஆய்வாளர்கள் காட்டிய விசித்திரம். வைஃபை எல்லாக் கருவிகளுக்கும் சமமான முறை தருகிறது, சமமான நேரம் தருவதில்லை. ரேஷன் கடை வரிசையில் ஆளுக்கு ஒருமுறை என்பது நியாயமாகத் தெரியும். ஒருவர் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் சில்லறை எண்ணினால் வரிசை முழுவதும் அவர் வேகத்துக்கு இறங்கிவிடும். 1,500 பைட் பாக்கெட்டை, அதாவது ஒரு தரவுப் பொட்டலத்தை, அனுப்ப 11 எம்பிபிஎஸ் கருவிக்கு ஏறத்தாழ 1 மில்லிநொடி, தொலைவில் சிக்னல் தேய்ந்து 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிய கருவிக்கு 12 மில்லிநொடி. மாறிமாறி ஒவ்வொன்று அனுப்பினால் இருவருக்கும் தலைக்கு 1 எம்பிபிஎஸ்கூடத் தேறாது. கடைசி அறையில் இரண்டு சுவர் தாண்டிக் கிடக்கும் பழைய கைப்பேசி, ரூட்டருக்குப் பக்கத்திலுள்ள புது மடிக்கணினியைக் கட்டிப்போடுவது இப்படித்தான்.

இரண்டாவது கேள்வி காத்திருப்பைப் பற்றியது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே வலையமைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இடைத்தொலைவு நானூறு கஜம். வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட மருந்து, பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு அனுப்புபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது. பின்னர் நினைவகம் மலிந்தது. எதையும் தொலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மோடம்களிலும் ரூட்டர்களிலும் பெரிய தாங்கல் (பஃபர்) கிடங்குகளை வைத்தார்கள். கிடங்கு நிரம்பும்வரை எதுவும் தொலையாது, தொலையாதவரை அனுப்புபவர் அடங்கமாட்டார். 1 எம்பிபிஎஸ் ஏற்றுவழிக்கு முன்னால் 256 கேபி தாங்கல் இருந்தால், கடைசியில் நிற்கும் பாக்கெட் இரண்டு நொடி காத்திருக்கும். 2010-இல் தன் வீட்டு இணைப்பில் பெரிய கோப்புகளை ஏற்றும்போது இந்தத் தாமதத்தைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர் ஜிம் கெட்டிஸ். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேக்கப்சனும் தந்த கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை, பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து முன்கூட்டியே சிலவற்றைத் தள்ளிவிடுகிறது. தாமதம் சில மில்லிநொடிகளுக்கு இறங்குகிறது.

இன்று ஃபைபர் வந்துவிட்டதே, 300 எம்பிபிஎஸ் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். 5 எம்பிபிஎஸ் இணைப்பில் நாலு பேர் படம் பார்க்கும் வீட்டுக்கு அது சரியான தீர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு எச்டி படங்களுக்கு 20, 25 எம்பிபிஎஸ் போதும். 100 எம்பிபிஎஸ் வீட்டில் குறை வேறெங்கோ இருக்கிறது. கம்பியை அகலப்படுத்தினால் நெரிசல் காற்றுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். வைஃபை 6 இதைத் தீர்த்துவிட்டது என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஒரே சானலைத் துண்டுபோட்டுப் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கும் அதன் ஏற்பாடு மெய்யான முன்னேற்றம். முறையை மாற்றியதால் வந்த முன்னேற்றம் என்பதால் அது என் பக்கத்துச் சான்றும்கூட. ஆனால் அந்தப் பலன் இரு முனையும் புதிதாக இருந்தால்தான். வாசல் கேமராவும் ஸ்மார்ட் பிளக்கும் பெரும்பாலும் இன்னும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பழைய வைஃபை முறையில்தான் பேசுகின்றன.

எனவே காசு கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மடிக்கணினியைக் கேபிளில் ரூட்டரோடு இணைத்து, வேறு யாரும் பயன்படுத்தாதபோது பிங், அதாவது பதில் வர ஆகும் நேரம், பாருங்கள். பிறகு ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே பாருங்கள். 20 மில்லிநொடி 500 ஆனால் கோளாறு தாங்கலில். கோடெல் போன்ற வரிசை மேலாண்மை உள்ள ரூட்டரில் அதை இயக்கி, வேக வரம்பை இணைப்பின் 90, 95 சதவீதத்தில் வையுங்கள். அந்த ஐந்து பத்து சதவீத இழப்பு கொடுக்கத் தகுந்த விலை. கேபிளில் நன்றாக ஓடி வைஃபையில் மட்டும் இழுத்தால் ரூட்டரை வீட்டின் நடுவுக்கு நகர்த்துங்கள், அசையாத தொலைக்காட்சிக்குக் கேபிள் கொடுங்கள், சானலை மாற்றிப் பாருங்கள். வேறு எதுவும் ஏற்றாமல் இறக்காமல் கேபிளிலேயே வேகம் குறைவாக இருந்தால் மட்டுமே நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.