குடி மாறாப் பெண்ணும் பெயர் மாறும் பத்திரமும்

மணமானதும் பெண்ணொருத்தி தன் பெயரின் முன்னுள்ள தந்தையின் முதலெழுத்தை நீக்கிக் கணவனின் முதலெழுத்தை இட்டுக்கொள்வது நமது தொன்மையான வழக்கு என்றே பலர் எண்ணுகின்றனர். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்த மண்டூரின் சமூக அமைப்பை நோக்குமிடத்து இவ்வெண்ணம் ஐயத்துக்கு இடமாகின்றது.

மண்டூர் என்றதும் வாய்கட்டிப் பூசை நடைபெறும் முருகன் ஆலயமே எவர்க்கும் நினைவில் எழும். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் அவ்வாலயத்தின் உரிமைகளும், அதனைச் சூழ்ந்த ஊர்களின் மண உறவுகளும் 'குடி' என்னும் அமைப்பிலே தங்கியுள்ளன. குடி தாய்வழி வருவது. தாய் எக்குடியோ பிள்ளைகளும் அக்குடியே. அதன் கிளையினை 'வயிற்றுவார்' என்று வழங்கும் சொல்லே இதனைத் தெளிவாக உணர்த்தும். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. மணமானபின் பெண்ணின் குடி மாறுவதுமில்லை. பெரும்பாலும் மாப்பிள்ளையே பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வான். வீடும் பெண்மக்களுக்கே சீதனமாகச் சேரும். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பிரதேசத்தின் வாழ்வையும் வழக்கையும் விரித்துரைப்பது. மண்டூர் ஆலயத்தையே பொருளாகக் கொண்டு மார்க் விற்றேக்கர் என்னும் மானிடவியலாளர் எழுதிய ஆங்கில நூல் 1999இல் வெளிவந்தது.

இதனைப் பெண்ணாட்சி என்று மயங்குதல் கூடாது. வண்ணக்கராய் ஆலயத்தில் அதிகாரம் வகிப்போர் ஆடவரே. வீட்டிலும் தாய்மாமனின் சொல்லே ஓங்கியிருந்தது. ஆயினும் அவ்வாடவரும் தத்தம் தாயின் குடியைக் கொண்டே அவ்விடத்தைப் பெற்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பத்திரங்களின் வரலாறு வேறு திசையில் சென்றது. மட்டக்களப்பின் தாய்வழி உரிமை முறையான முக்குவர் சட்டத்தைப் பற்றிப் பிரித்தோ என்பார் ஆங்கிலத்தில் நூலொன்றை 1876இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தால் அந்த முறை வழக்கொழிந்தது. வேற்றினத்தவனை மணக்கும் பெண், அம்மணம் நிலைக்கும்வரை, அச்சட்டத்தின் தேவைகளுக்குக் கணவனின் இனத்தவளாகவே கொள்ளப்படுவாள் என்பதும் அதில் ஓர் ஏற்பாடு. ஒரு வழக்கம் நூலேறிய ஆண்டிலேயே சட்டத்திலிருந்து இறங்கியது விந்தையே. பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவளிப் பிரசாவுரிமையைத் தந்தையின் வழியே வகுத்தது. தந்தை, தந்தையின் தந்தை, அவர்தம் தந்தை என்றே அது வினவியது. நம்மவரின் பிறப்புப் பத்திரங்களில் நெடுங்காலம் பாட்டனாருக்கு ஒரு கூடு இருந்தது, பாட்டியாருக்கு இருக்கவில்லை. தாயின் வழியாகவும் பிள்ளை பிரசையாகலாம் என்னும் திருத்தம் 2003இலேயே வந்தது.

இனிக் கடவுச்சீட்டுக்கு வருவோம். அதன் இன்றைய புத்தக வடிவம், 1920இல் பாரிஸ் நகரில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் கூடிய மாநாட்டின் விளைவு. அக்காலத்தில் மனைவியைக் கணவனின் கடவுச்சீட்டிலேயே சேர்த்தெழுதும் வழக்கமும் இருந்தது. பொறியால் வாசிக்கத்தக்க கடவுச்சீட்டுக்கான சர்வதேச விதிகள் 1980இல் வெளிவந்தபின், ஒருவரின் பெயர் முதன்மைப் பகுதி, துணைப் பகுதி எனப் பிளவுபட வேண்டியதாயிற்று. குடும்பப் பெயர் என்று ஒன்றில்லாத தமிழர் முதன்மைப் பகுதியில் தந்தையின் பெயரை எழுதினர். இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது. கணவனின் 'குடும்பப் பெயர்' எனக் கடவுச்சீட்டிற் காண்பது அவனுடைய பெயரன்று, அவன் தந்தையின் பெயர். ஆகவே மணமான பெண் அதனை ஏற்கும்போது அவள் பெறுவது மாமனாரின் பெயரையே. ஊர்வழக்கில் 'திருமதி' என்பதன்பின் கணவனின் பெயர் வரும். பத்திரத்திலோ கணவனும் மறைந்துவிடுகின்றான்.

எனது பெரியம்மாவின் மகளுக்கு நேர்ந்ததை இங்குக் கூறுதல் பொருந்தும். அவரும் நானும் ஒரே குடி. மணமாகுமுன் எடுத்த கடவுச்சீட்டில் அக்காவின் பெயரோடு பெரியப்பாவின் பெயர் இருந்தது. வெளிநாட்டில் வாழ்ந்த அத்தான், மனைவியை அழைப்பதற்கான விண்ணப்பத்தில், மனைவி என்றால் தன் குடும்பப் பெயரே அவளுக்கும் உரியது என்று கருதி அவ்வாறே நிரப்பிவிட்டார். பத்திரங்களில் இரு பெண்கள் தோன்றினர். இருவரும் ஒருவரே என நிறுவுமாறு கடிதம் வந்தது. அக்கா சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்தார். கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் பெற்றார். விவாகப் பதிவின் பிரதியை மொழிபெயர்ப்பித்தார். ஈற்றில், எல்லாம் ஒத்திருக்கட்டும் என்று, தாம் ஒருபோதும் கண்டிராத, மணத்துக்கு முன்னரே இறந்துபோன மாமனாரின் பெயருடன் புதிய கடவுச்சீட்டை எடுத்தார். எட்டு மாதங்கள் கழிந்தன.

புதிய கடவுச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பெரியப்பா, "நான் உசிரோட இருக்கக்குள்ளயே என்ட பேர எடுத்திட்டாங்களா?" என்றார். அன்று அதனை நான் முதியவரின் மனக்குறையாகவே கொண்டேன். பின்னர் எண்ணிப் பார்க்கையில் அதன் ஆழம் புலனாயிற்று. மகளின் குடியில் அவருக்கு என்றுமே இடமில்லை. அவர் வேறு குடி. வாழ்ந்த வீடும் மனைவியின் வீடு. மகளிடத்தே தந்தைக்கு உரியதாய் இருந்தது அந்த முதலெழுத்து ஒன்றே. குடியமைப்பு தந்தைக்கு அளிக்காததைப் பெயர்வழக்கு அளித்திருந்தது. பத்திரம் அதனைப் பறித்துக்கொண்டது. தாய்வழிச் சமூகத்தில் பெயர் மாற்றத்தால் இழப்பவள் பெண் மட்டுமல்லள் என்பதை எந்நூலிலும் நான் வாசித்ததில்லை.

இம்மாற்றம் கட்டாயமானதா? பிரான்சில் 1794ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்புப் பதிவிலுள்ள பெயரையன்றி வேறு பெயரை எவரும் தாங்கலாகாது என்றது; கணவனின் பெயர் அங்குப் புழக்கத்துக்குரியதேயன்றிப் பெண்ணின் சட்டப்பெயரை அழிப்பதில்லை. அமெரிக்காவில் டொறிஸ் பிளைஷ்மன் என்னும் மணமான பெண் 1925இல் தன் பிறப்புப் பெயரிலேயே கடவுச்சீட்டுப் பெற்றமை பெருஞ்செய்தியாயிற்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் மனைவியர் தம் பிறப்புப் பெயரிலேயே குடியியல் உரிமைகளைச் செலுத்த வேண்டும். சுவிற்சர்லாந்திலும் 2013 முதல், வேறு தெரிவு செய்தாலன்றி, மணமக்கள் தத்தம் பெயரையே வைத்துக்கொள்கின்றனர். குடும்பப் பெயரைத் தெரிவுசெய்வதில் கணவனுக்குள்ள உரிமை மனைவிக்கும் உண்டென்னும் பெண்கள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றது. நம்மவர் பெருந்தொகையாய்க் குடியேறிய நாடுகள் சிலவற்றிலேயே பெயர் மாற்றம் வேண்டாதது என்பதை அறியாது, விண்ணப்பத்திலுள்ள கூட்டை நிரப்பும் அவசரத்தில் நாமே அதனைச் சட்டமாக்கிக்கொள்கின்றோம்.

அக்காவுக்கு அங்கே பெண்குழந்தை பிறந்தது. அதன் பத்திரத்தில் அத்தானின் தந்தையாருடைய பெயரே குடும்பப் பெயர். தொலைபேசியிற் செய்தி கேட்ட பெரியம்மா, பிள்ளைகளின் சாதகக் குறிப்பு எழுதிவைக்கும் பழைய கொப்பியை எடுத்து, பிறந்த நேரத்தையும் நட்சத்திரத்தையும் குறித்து, அதன்கீழே தமது குடியின் பெயரை எழுதினார்.