சிவப்பு மைக் கோடு

திற்பரப்பு அருவியில் குளித்திருக்கிறீர்களா? கோதையாறு சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுகிற இடம். தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பினால் பக்கத்திலேயே மகாதேவர் கோயில். சிவராத்திரி சமயத்தில் போனால் காவி வேட்டியும் கையில் விசிறியுமாக ஒரு கூட்டம் 'கோவிந்தா, கோபாலா' என்று கத்திக்கொண்டு ஓடி வரும். சிவன் கோயிலில் கோவிந்தன் பெயர். சிவாலய ஓட்டம். மொத்தம் பன்னிரண்டு கோயில்கள், திற்பரப்பு மூன்றாவது.

அந்த ஊர்ப் பக்கம் எனக்கு மாமா முறையில் ஒருவர் இருந்தார். கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் தென்னை. நிலத்துக்குக் கம்ப்யூட்டர் பட்டா வாங்கப் போனவருக்கு அதிர்ச்சி. அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வேறு யாரோ. எப்போது மாறியது? தெரியாது. யார் மாற்றினார்கள்? தெரியாது. அதற்குமுன் அந்த இடத்தில் என்ன பெயர் இருந்தது? அதுவும் தெரியாது. திரை பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அதுதான் பிரச்னை.

கடைசியில் மாமாவைக் காப்பாற்றியது பழைய கைப்பிரதி ரிஜிஸ்டர். அதில் அவருடைய அப்பா பெயரைச் சிவப்பு மையால் அடித்து, மேலே மாமா பெயரை எழுதி, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அடித்த பெயர் அப்படியே படிக்கும்படி இருந்தது.

'அடிச்சாலும் படிக்கணும் மக்கா. படிக்க முடியாம அடிச்சா அதுக்குப் பேரு களவு' என்றார் மாமா.

பி.காம். படித்தபோது எங்கள் புரொபசர் இதையே இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தார். லெட்ஜரில் தப்பு வந்தால் ரப்பரைத் தொடாதே. தப்பு அப்படியே இருக்கட்டும். கீழே ஒரு திருத்தப் பதிவு போடு. பின்னால் வருகிற ஆடிட்டருக்குத் தப்பும் தெரியவேண்டும், திருத்தியதும் தெரியவேண்டும்.

இந்தப் பக்கத்து மண்ணுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. சிவாலய ஓட்டம் தொடங்குகிற முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் இருக்கிறது. கி.பி. 866ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு விஷ்ணு கோயில் கட்டினான். கூடவே 95 மாணவர்கள் படிக்க ஒரு சாலை. அதற்கான செப்பேட்டில், நிலம் தன்னுடையது என்று மட்டும் எழுதிவிட்டு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. முஞ்சிறைச் சபையாரிடமிருந்து வாங்கியது, பதிலுக்கு வேறு நிலம் கொடுத்தது என்று முன்கதையும் இருக்கிறது. ராஜாவே ஆனாலும், நேற்று யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் இன்று என்னுடையது என்று சொல்லவேண்டும்.

செம்பில் வெட்டினால் அழிக்க முடியாது. காகிதத்தில் சிவப்பு மை. சரி, கம்ப்யூட்டரில்?

இந்தக் கேள்வியை ரொம்ப சீக்கிரமே கேட்ட ஓர் அமெரிக்கப் பேராசிரியர் உண்டு. பெயர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம். 1970ல் ஐ.பி.எம்.மின் எட்கர் காட் என்பவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தகவல்களை வரிசையும் பத்தியுமாக, அட்டவணைகளாக வைத்துக்கொண்டால் போதும், எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்பது சாரம். ஐ.பி.எம். அதைவைத்து உருவாக்கிய கேள்வி மொழிதான் இன்று உலகம் முழுக்கப் புழங்கும் எஸ்க்யூஎல். 1973ல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் பெர்க்லியில் தங்கள் பங்குக்கு 'இன்க்ரஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1986ல் அதற்கு அடுத்தது. இன்க்ரஸுக்குப் பின் வந்ததால் 'போஸ்ட்கிரஸ்'.

போஸ்ட்கிரஸில் ஒரு விசேஷம். எந்த வரியையும் அது அழித்து எழுதாது. நீங்கள் ஒரு பெயரை மாற்றினால் பழைய வரி அப்படியே இருக்கும். 'இது இத்தனை மணிக்குக் காலாவதி' என்று குறிப்பு மட்டும் விழும். புது வரி தனியாக எழுதப்படும். பழையவற்றை ஒருமுறை எழுதினால் அழியாத ஒளித்தட்டுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் திட்டம் இருந்தது. ஆகவே, போன தை மாசம் இந்த இடத்தில் என்ன பெயர் இருந்தது என்று கேட்டால் பதில் வரும். இதற்குக் 'காலப் பயணம்' என்று பெயர் வைத்தார்கள்.

மாமாவின் சிவப்பு மைதான் அது. வேறென்ன?

ஆனால் சிவப்பு மைக்கு விலை உண்டு. பழசு எதையும் தூக்கிப் போடாத வீடு என்ன ஆகும்? பரண் நிரம்பும், கூடம் நிரம்பும், கடைசியில் நடக்க இடம் இருக்காது. வட்டில் இடம் தீர்ந்தது. வேகம் குறைந்தது. நேரத்தைக் குறித்து வைக்கும் கோப்பு ஒன்று முடிவே இல்லாமல் வீங்கிக்கொண்டே போனது.

இதற்குள் பெர்க்லியில் திட்டத்தையே மூடிவிட்டார்கள். 1994ல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்க்யூஎல் கற்றுக்கொடுத்தார்கள். 1996ல் பெயர் போஸ்ட்கிரஸ்க்யூஎல் ஆனது. வாயில் நுழையாத பெயர். அதன்பிறகு அதைக் கட்டி மேய்த்தது கம்பெனி இல்லை. நாலைந்து தன்னார்வலர்கள். கனடாவில் ஒருவர், அமெரிக்காவில் ஓரிருவர், ரஷ்யாவில், சைபீரியாவின் க்ராஸ்நோயார்ஸ்க் நகரத்தில் ஒருவர். பேச்சுவார்த்தை எல்லாம் மின்னஞ்சலில்.

அந்த சைபீரியாக்காரர் பெயர் வதிம் மிகேயெவ்.

1997ல் 6.2 என்ற பதிப்பு வந்தது. அதில் காலப் பயணத்தைத் தூக்கிவிட்டார்கள். கூடவே வதிம் செய்த இரண்டு வேலைகள் உள்ளே வந்தன. ஒன்று, ட்ரிக்கர். துப்பாக்கி விசை மாதிரி, ஒரு வரியில் யாராவது கை வைத்தால் தானாக ஒரு வேலையைக் கிளப்பிவிடுவது. இன்னொன்று எஸ்.பி.ஐ. சர்வர் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ். சி மொழியில் எழுதிய ஒரு நிரல், சர்வருக்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு எஸ்க்யூஎல் கட்டளை போடுவதற்கான வழி.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ஒரு தாலுகா ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பூட்டிய ரெக்கார்டு ரூம். வெளியே கவுன்ட்டர். கவுன்ட்டர் கிளார்க் சீட்டு எழுதி உள்ளே அனுப்புவார். பதில் வரும். பார்த்துவிட்டு அடுத்த சீட்டு. நமது அப்ளிகேஷன்கள்தான் கவுன்ட்டர். சீட்டுதான் எஸ்க்யூஎல். ஒரு வேலைக்கு நூறு சீட்டு என்றால் பியூனுக்கு நூறு நடை. இது முதல் பிரச்னை.

இரண்டாவதுதான் முக்கியம். 'பெயரை மாற்றுமுன் பழைய பெயரைக் குறித்து வை' என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதை எங்கே மாட்டுவீர்கள்? கவுன்ட்டர் சுவரிலா? கவுன்ட்டர் ஒன்றா இரண்டா? ஒன்றில் உட்கார்ந்திருப்பவர் ஒழுங்காகச் செய்வார். அடுத்தவர் மறந்துவிடுவார். மூன்றாவது ஆள் பின்வாசல் வழியாக வந்து, சுவரைப் பார்க்காமலேயே சீட்டை நீட்டுவார். ரெக்கார்டு ரூமுக்கு உள்ளேயே மாட்டினால்? எந்த வாசல் வழியாக வந்தாலும் தப்ப முடியாது.

சி மொழி நிரல்களை உள்ளே ஏற்றிக்கொள்ளும் வசதி பெர்க்லி காலத்திலிருந்தே உண்டு. ஆனால் அது உள்ளே உட்காரவைத்த கணக்குப்பிள்ளை மாதிரி. ஒரு தொகையைக் கொடுத்தால் வட்டி போட்டுச் சொல்வார். அலமாரியைத் திறந்து தானாக ஒரு ஏட்டை எடுத்துப் பார்க்க அவருக்கு முறையான வழி இல்லை. வதிம் அந்தச் சாவியைக் கொடுத்தார்.

நடைமுறை ரொம்ப எளிமை. முதலில் 'உள்ளே வருகிறேன்' என்று சொல்லவேண்டும். பிறகு கட்டளை. அதிகபட்சம் எத்தனை வரி வேண்டும் என்றும் கூடவே சொல்லலாம். எத்தனை வரி சிக்கியது என்று ஓர் எண் வரும், வரிகள் ஓர் அட்டவணையில் வந்து நிற்கும். அடிக்கடி கேட்கிற கேள்வி என்றால் அதற்கான திட்டத்தை ஒருமுறை போட்டு வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். முடிந்ததும் 'கிளம்புகிறேன்' என்று சொல்லவேண்டும். அந்த நிமிஷம் அறையில் எடுத்த காகிதமெல்லாம் குப்பைக்குப் போய்விடும். ஏதாவது வெளியே கொண்டுபோகவேண்டுமானால் முன்பே தனியாக நகல் எடுத்துக்கொள்ளவேண்டும்.

காமர்ஸ்காரனான எனக்குப் பிடித்தது இன்னொன்று. உள்ளே அந்த நிரல் செய்வதெல்லாம், அதைக் கூப்பிட்ட வேலையின் ஒரு பகுதி. வேலை முழுசாக முடிந்தால் எல்லாம் நிற்கும். நடுவில் முறிந்தால் எல்லாமே ரத்து. பற்று எழுதி வரவு எழுதாமல் விட்ட கணக்கு என்கிற பேச்சே கிடையாது.

இந்தச் சாவியை எப்படி உபயோகிப்பது என்று காட்ட, சின்னச் சின்ன மாதிரி நிரல்களையும் சேர்த்து வைத்தார்கள். ஒன்று, வரியை மாற்றியவர் பெயரைத் தானாக எழுதும். இன்னொன்று, மாற்றிய நேரத்தை. வேறொன்று, இல்லாத ஆளின் பெயரில் கணக்கு எழுத வந்தால் 'அப்படி ஒரு ஆளே இல்லை' என்று திருப்பி அனுப்பும்.

அந்தப் பட்டியலில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்த பெயர் இருந்தது. காலப் பயணம்!

முன்வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட அதே ஆசாமி. இப்போது எல்லோர் தலையிலும் கட்டவில்லை. எந்த ஏட்டுக்குச் சரித்திரம் வேண்டுமோ, அந்த ஏட்டுக்கு மட்டும். அட்டவணையில் இரண்டு பத்திகள் கூடுதல். இந்த வரி எப்போது பிறந்தது, எப்போது செத்தது. உயிரோடிருக்கும் வரிக்கு சாவுத் தேதி 'முடிவிலி'. நீங்கள் பெயரை மாற்றினால் ட்ரிக்கர் விழித்துக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்திருக்கும் சி நிரல் எஸ்.பி.ஐ. வழியாக ஒரு கட்டளை போட்டு, பழைய வரியைச் சாவுத் தேதியோடு பத்திரப்படுத்திவிடும். மளிகைக்கடை சரக்குப் பட்டியலுக்கு இது தேவையில்லை. நில ஏட்டுக்குத் தேவை. முடிவு ஏட்டுக்குச் சொந்தக்காரர் கையில்.

அதே கதவு வழியாக இன்னும் பலர் உள்ளே வந்தார்கள். 1998ல் ஜெர்மனிக்காரரான யான் வீக், சி தெரியாதவர்களும் சர்வருக்குள் நிரல் எழுத ஒரு மொழி செய்து கொடுத்தார். அது நிற்பதும் எஸ்.பி.ஐ. மீதுதான். 2000ல் 7.0 பதிப்பு வந்தபோது, ஓர் அட்டவணையின் வரி இன்னொன்றை நம்பியிருக்கும் உறவைக் காக்கிற வசதி சர்வருக்குள்ளேயே வந்தது. அந்தக் காவலர்களும் இந்த வழியாகத்தான் போய் சரிபார்த்தார்கள்.

எல்லாம் நல்லது என்று சொல்லி முடித்துவிடலாம். முடியாது. பூட்டிய அறைக்குள் ஒருவரை விட்டால், அவர் உளறினால் சேதமும் உள்ளேதான். சி நிரலில் ஒரு பிழை, நினைவகத்தில் தப்பான இடத்தில் ஒரு கை பட்டால் போச்சு. அந்த ஒரு வேலை மட்டும் விழாது. பொது நினைவகம் கெட்டிருக்குமோ என்ற சந்தேகத்தில் சர்வர் அந்த நேரத்தில் இணைந்திருக்கும் அத்தனை பேரையும் வெளியேற்றிவிட்டு, முதலிலிருந்து எழுந்து வரும். அதனால்தான் சி நிரலை உள்ளே ஏற்றும் உரிமை சர்வரின் உச்ச அதிகாரிக்கு மட்டும். அந்த உச்ச அதிகாரியே நினைத்தால் ட்ரிக்கரைக் கழற்றியும் வைக்கலாம். ரெக்கார்டு ரூமின் சாவிக்கு என்றைக்கும் உள்ள பிரச்னை இது. எந்த நிரலும் இதைத் தீர்த்ததில்லை.

காலப் பயண மாதிரி நிரலும் சாகாவரம் வாங்கி வரவில்லை. அது நேரத்தைக் குறித்த பழைய முறை 2038ஆம் ஆண்டோடு தீர்ந்துபோகிற ரகம். 2019ல் 12ஆம் பதிப்பில் அந்த நேர முறையை எடுத்தபோது இதுவும் கூடவே போனது. எஸ்.பி.ஐ. போகவில்லை. வேண்டியவர்கள் சொந்தமாக எழுதிக்கொள்ளலாம். ஸ்டோன்பிரேக்கருக்கு 2014ஆம் ஆண்டுக்கான ட்யூரிங் விருது கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்பார்கள்.

மத்திய அரசு 2008ல் நில ஆவணங்களை நவீனப்படுத்த தேசிய அளவில் திட்டம் போட்டது. 2015ல், அரசு அலுவலகங்கள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று கொள்கையும் அறிவித்தது. நல்ல விஷயங்கள். ஆனால் எந்த மென்பொருள் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். என் பெயரை யாராவது மாற்றினால், பழைய பெயர் எங்கே போகும்? அதைக் குறித்து வைக்கும் சட்டம் கவுன்ட்டர் சுவரில் தொங்குகிறதா, அறைக்குள்ளே இருக்கிறதா? பட்டா நகலோடு இந்த பதிலையும் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

மாமா இப்போது இல்லை. அவர் நிலம் பிள்ளைகள் பெயருக்கு வந்துவிட்டது. பழைய ரிஜிஸ்டரின் அந்தப் பக்கத்தை அவர் நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளை நகல். சிவப்பு தெரியவில்லை. ஆனால் கோடு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே இருக்கும் பெயரைத் தெளிவாகப் படிக்க முடிகிறது.