வாக்காளர் பட்டியலும் ‘அடுத்த பக்கம்’ பொத்தானும்

புதுச்சேரி 1962-ல சட்டப்படி இந்தியாவோட இணைஞ்சது. 1964-ல சட்டமன்றத் தேர்தல். அப்போ நாட்டுல நடைமுறையில இருந்தது 1960-ம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகள். பட்டியலைப் பாகங்களா பிரிக்கணும். ஒரு பாகத்துல பொதுவா 2,000 பேருக்கு மேல கூடாது. பாகத்துக்குப் பாகம் ஒண்ணுல இருந்து எண் போடணும்.

இன்னைக்கு ரெட்டியார்பாளையத்துல வர்ற பட்டியலைப் பாருங்க. பக்கத்துக்கு 30 பேர். நடுவுல ஒருத்தர் பெயர் நீங்கினா, கட்டத்தை அழிக்க மாட்டாங்க, நீக்கம்னு குறிப்பாங்க. புதுப் பெயர் துணைப்பட்டியலா கடைசியில சேரும். அடுத்த முழுத் திருத்தம் வரைக்கும் மத்தவங்க எண் நகராது.

நம்ம வெப் அப்ளிகேஷன்ல? “முதல் 30-ஐத் தள்ளிட்டு அடுத்த 30 கொடு”ன்னு டேட்டாபேஸைக் கேட்கிறோம். அதுக்குள்ள முதல் பக்கத்துல ஒரு பெயர் நீங்கினா, 31-வது ஆள் 30-வது ஆகிடுவார். எந்தப் பக்கத்துலயும் அவரைப் பார்க்கவே மாட்டோம். சரிபார்க்கிற அலுவலருக்கு அது ஒரு ஓட்டு.

அதனால இடத்தை எண்ணாதீங்க. கடைசியா பார்த்த மாறாத எண்ணைச் சொல்லி, “இதுக்கு அப்புறம் 30”ன்னு கேளுங்க. இன்டெக்ஸ் இருந்தா, ஆயிரமாவது பக்கமும் முதல் பக்க வேகத்துலயே வரும்.