நோயாளியைப் பேணுதல் ஓர் அமானிதம்

நம் வீட்டில் ஒருவர் நோயுற்றால் உறவும் ஊரும் திரண்டு நலம் விசாரிக்க வருவதைக் காண்கிறோம். நோயாளியைச் சந்திப்பது நபிவழி என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் நோயாளியைப் பேணுதல், பேணும் முறையைப் பிறருக்குக் கற்பித்தல், அவருடைய அந்தரங்கத்தைக் காத்தல் ஆகிய மூன்று கடமைகளைச் செவிலியருக்கு மட்டும் உரியவை எனக் கருதி விலகி நிற்கிறோம். இன்றைய செவிலியர் கல்விக்கு இம்மூன்றும் அடித்தளமாகும். நம் முன்னோரோ இவற்றை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே கருதி வாழ்ந்தனர்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் (கி.பி. 627) நடைபெற்ற அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அவரை அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரம் அமைக்கச் செய்தார்கள். காயமுற்றோருக்கு மருந்திட்டுவந்த ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) என்னும் பெண்மணியின் பொறுப்பில் ஸஅத் (ரலி) ஒப்படைக்கப்பட்டதாக வரலாறு கூறுகிறது. நபியவர்கள் காலையிலும் மாலையிலும் அவரிடம் சென்று, பொழுது எவ்வாறு கழிந்தது என வினவுவார்கள். பின்னர் அந்தக் காயம் மீண்டும் திறந்து குருதி பெருகி, ஸஅத் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். உயிரைக் காக்க இயலாத நிலையிலும் பேணுதலில் குறை வைக்கப்படவில்லை என்பதே இந்நிகழ்ச்சி நமக்குத் தரும் பாடம்.

ருஃபைதா (ரலி) மட்டும் இப்பணியில் ஈடுபடவில்லை. போர்க்களத்தில் தண்ணீர் வழங்கியதையும் காயமுற்றோருக்கு மருந்திட்டதையும் ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவித்துள்ளார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் நபியவர்களுடன் 7 போர்களில் கலந்துகொண்டு, முகாமைக் காத்து, உணவு சமைத்து, காயமுற்றோருக்கு மருந்திட்டு, நோயாளிகளைக் கவனித்துவந்தார்கள்.

அதே உம்மு அதிய்யா (ரலி) அவர்களிடமிருந்தே கற்பித்தல் என்னும் இரண்டாம் கடமைக்கும் சான்று கிடைக்கிறது. நபியவர்களின் மகளார் ஸைனப் (ரலி) ஹிஜ்ரி 8இல் மறைந்தபோது, ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களுள் அவர்களும் ஒருவர். வலப்புறத்திலிருந்தும் உளூச் செய்யும் உறுப்புகளிலிருந்தும் தொடங்க வேண்டும். இலந்தை இலை கலந்த நீரால் ஒற்றைப்படையாகக் கழுவ வேண்டும். இறுதியில் கற்பூரம் சேர்க்க வேண்டும் என நபியவர்கள் முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்காலத்தில் பஸராவின் பேரறிஞர் முஹம்மத் இப்னு ஸீரீன், ஜனாஸாவைக் குளிப்பாட்டும் முறையை உம்மு அதிய்யா (ரலி) அவர்களிடமிருந்தே கற்றார். நோயாளிகளைக் கவனித்த ஒரு பெண்மணி அறிஞருக்கும் ஆசிரியையாக விளங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களிடமும் நபியவர்கள், ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்தைக் கற்பித்ததைப் போலவே, தோலில் தோன்றும் ஒருவகைக் கொப்புளத்திற்கு ஓதிப்பார்க்கும் முறையையும் கற்பிக்கலாகாதா எனக் கேட்டார்கள்.

மூன்றாம் கடமை அந்தரங்கம் காத்தல். பெண்ணின் ஜனாஸாவின் மீது துணியை மட்டும் போர்த்தினால் உடலின் வடிவம் புலப்படுமே என ஃபாத்திமா (ரலி) அவர்கள் வருந்தியபோது, அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் அபிசீனியாவில் தாம் கண்ட ஒரு வழக்கத்தைச் செய்துகாட்டியதாக அறிவிக்கப்படுகிறது. பேரீச்ச மட்டைகளை வளைத்துக் கட்டி, அவற்றின் மீது துணியை விரித்தார்கள். உடல் பிறர் பார்வையில் படாத மூடிய சந்தூக்கு அவ்வாறு உருவாயிற்று. உயிர் பிரிந்த உடலுக்கே இத்துணை கண்ணியம் என்றால், வலியோடு படுத்திருக்கும் உயிருள்ள மனிதருக்கு எத்துணை கண்ணியம் உரியது!

இந்த மரபு பிற்கால முஸ்லிம்களின் மருத்துவமனைகளிலும் தொடர்ந்தது. டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் ஸங்கி நிறுவிய பீமாரிஸ்தானில், தலைமை மருத்துவர் நோயாளிகளைப் பார்வையிட்டபின் அங்கேயே அமர்ந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். கெய்ரோவில் 1284இல் ஸுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகளும், பணியாளர்களாக ஆண்களும் பெண்களும் இருந்தனர். அதன் செலவினங்களை வக்ஃபு வருவாய் தாங்கியது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக ஒரு நூல் எழுதினார். மருத்துவர்களிடம் முஹ்தஸிப் உறுதிமொழி பெற வேண்டும் என்றும், அவர்கள் நோயாளியின் வீட்டில் பார்வையைத் தாழ்த்த வேண்டும் என்றும், இரகசியங்களை வெளியிடலாகாது என்றும் அதில் வலியுறுத்தினார். எடையையும் அளவையும் சரிபார்த்த அதே அதிகாரி நோயாளியின் இரகசியத்திற்கும் காவலராக நின்றார்.

இனி நம் நிலையை நோக்குவோம். நலம் விசாரிக்கச் சென்ற இடத்தில் நோயாளியின் படத்தை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறோம். துஆ கேட்கும் நோக்கம் நல்லதே. ஆனால் அதற்கு நோயின் பெயரும் பரிசோதனை முடிவும் தேவையில்லை. அல்லாஹ் அனைத்தையும் அறிந்தவன். மருத்துவர் விவரம் கூறும்போது அறை நிறைய உறவினர் நிற்பதும், பெண் நோயாளியின் திரை விலகியிருக்கப் பேச்சுத் தொடர்வதும் நாம் திருத்திக்கொள்ள வேண்டிய பிழைகள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் நபிமொழியை நோயாளியின் கட்டிலருகிலும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. நம் பெண்பிள்ளைகள் செவிலியர் கல்வி பயில விரும்பினால், அது நம் குடும்பத்திற்கு ஏற்ற பணியன்று எனத் தடுப்போர் இன்னும் இருக்கின்றனர். நம் வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவமனையில் பெண் செவிலியரே வேண்டும் எனக் கோருவோரும் அவர்களே! நபியவர்களின் பள்ளிவாசலில் இடம்பெற்ற பணியை இழிவெனக் கருத நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நோயாளியின் உடலும் இரகசியமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றை உரிய முறையில் காக்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.