நீலக் கிளி இழந்த மஞ்சள்

இந்திய நகரங்களில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் சிறு கிளிகளுள் பல, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜிகள். காட்டில் அவை பச்சை நிறத்தவை. 1840இல் ஜான் கூல்ட் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல்ஜியத்துக் கூண்டுகளில் நீலப் பட்ஜி தோன்றியது. 1920களில் ஜப்பானில் அதன்மீது பெருமோகம் எழுந்து, விலை பன்மடங்கு உயர்ந்தது.

அந்த நீலம் புதிதாக வந்து சேர்ந்ததன்று. பட்ஜியின் இறகில் நீல நிறமியே இல்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தெரிகிறது. அதனோடு மஞ்சள் நிறமி சேரும்போது பச்சையாகிறது. மஞ்சளை உருவாக்கும் நொதியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதால் அந்நிறம் அற்றுப்போனது என்பதை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இம்மாற்றம் ஓர் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாது. பச்சை இணைக்கு நீலக்குஞ்சு பிறக்கும் விந்தையின் காரணம் இதுவே. ஜெர்மனியின் பிரெமன் நகரில் ஹான்ஸ் டுங்கர் 1920களில் பட்ஜி நிறங்களின் மரபுவழியை மெண்டலின் விதிகளைக் கொண்டு விளக்கினார். வளர்ப்போருக்கு அது வணிக அறிவாகவும் ஆயிற்று. நீலத்தை உள்ளடக்கிய பச்சைப் பறவையைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. வாங்குபவர் நம்பவேண்டியது விற்பவரின் வம்சக் குறிப்பேட்டையே.